பதினோரு சாக்குப் பள்ளம்

“உக்காருவீகளா, மாட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க.”

முத்துமாரியம்மாள் இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பதில் வந்தால்தான் அடுத்த இட்லி விழும் போலிருந்தது.

“எங்க?” என்றார் தனுஷ்கோடி.

“எங்கயா? மணையிலதான். செல்விக்குத் தாரை வாக்கையில.”

“அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குல்ல.”

“ரெண்டு மாசத்துல புது மொழங்காலு மொளைக்குமாக்கும்?”

தனுஷ்கோடி பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்டார். வீட்டில் மற்ற எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். அவர் ஆறு வருஷமாகத் தரையில் உட்கார்ந்ததில்லை. அருப்புக்கோட்டை பஜாரில் கொத்தமல்லியும் மிளகாய் வத்தலும் வாங்கி விற்கிற கடை அவருடையது. ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருஷம் கல்லாவில் போய்விட்டது. முதலில் இடுப்பு பிடித்தது, பிறகு முழங்கால் மடங்க மறுத்தது. கடையில் நாற்காலி வந்தது, வீட்டில் பெஞ்சு வந்தது. தச்சனிடம் சொல்லி நடுவில் ஓட்டை போட்ட முக்காலி ஒன்றும் கொல்லைக்கு வந்தது. அந்த முக்காலியைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

இப்போது மகள் தங்கச்செல்விக்குக் குமாரலிங்கபுரத்தில் மாப்பிள்ளை அமைந்துவிட்டது. வைகாசி இருபதில் கல்யாணம். அவர்கள் வகையறாவில் பெண்ணைத் தாரை வார்க்கிறவர் பெண்டாட்டியோடு மணைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். முடியாவிட்டால் அவருக்கு மூத்தவர், தன் பெண்டாட்டியோடு உட்காருவார். அந்த இடத்தில் நாற்காலி என்ற பேச்சே கிடையாது.

தனுஷ்கோடிக்கு மூத்தவர் பொன்னுச்சாமி. திருச்சுழியில் மானாவாரி விவசாயம். ஒரு வேப்பமரத்தை வெட்டியதில் தொடங்கி எட்டு வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. நிச்சயத்துக்கு வந்தார், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டார், தம்பியை ஏறிட்டுப் பார்க்காமல் பஸ் ஏறிவிட்டார்.

“நிச்சயத்தன்னிக்கே ஆளாளுக்குக் கேக்குறாக,” என்றாள் முத்துமாரியம்மாள். “‘பொண்ணுக்கு அப்பா நின்னுக்கிட்டேதான் இருக்காரு, உக்காரவே மாட்டாரா’ன்னு.”

“மதுரை டாக்டரு என்ன சொன்னாரு? எலும்பு நல்லாத்தான் இருக்கு, தரையில உக்காந்து பழகுங்கன்னாரு. உக்கார முடியாமத்தான அவர்ட்ட போனேன்?”

“நெசவாளர் தெருவுல சௌடையா வாத்தியார்ட்ட போயி ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“தலைகீழா நிக்க வச்சிருவாரு.”

“காலுல நிக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவல,” என்று ஒரு இட்லியை வைத்தாள்.

*

சௌடையா நெசவாளி. வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். விருதுநகரில் அச்சாபீஸ் மிஷின் ஓட்டிய ஒருவரிடம் பன்னிரண்டு வருஷம் வாரா வாரம் போய் ஆசனம் படித்தவர். வீட்டுப் பின்கட்டில் நாலு குழித்தறி, காலைக் குழிக்குள் விட்டு மிதித்து நெய்வது. இரண்டில் அவரும் மனைவி வெங்கடலட்சுமியும் நெய்தார்கள். தம்பிமார் இருவரும் சூரத்துக்குப் போய்விட்டதால் மற்ற இரண்டு தறியையும் பிரித்து ஓரமாகச் சாத்தியாகிவிட்டது. குழிகள் மட்டும் பலகை மூடிக் கிடந்தன. அந்தக் கட்டில்தான் காலை ஐந்து மணிக்கு ஆசனசாலை. வாசலில் போர்டு கிடையாது. வருகிறவர்களின் செருப்புதான் அடையாளம்.

அங்கே எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பேரும் வேறு வேறு செய்துகொண்டிருப்பார்கள். கண்டக்டர் மாதவன் சுவரைப் பார்த்து ஒற்றைக் காலில் நிற்பான். தையல்கடைக்காரர் குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவார். ‘எல்லாரும் கையைத் தூக்குங்க’ என்று ஒரு சத்தம் அங்கே கேட்காது. ஆசனத்துக்குப் பெயர் சொல்லவும் மாட்டார். “இன்னிக்கு உங்களுக்கு இது” என்பார், அவ்வளவுதான். புதிதாக வருகிறவரை முதல் நாள் ஒன்றும் செய்ய விடமாட்டார். தனுஷ்கோடி போன அன்றும் அப்படித்தான்.

“நாளைக்கு நான் உங்க கடைக்கு வாரேன் அண்ணாச்சி.”

“எதுக்கு வாத்தியாரே? மல்லி வேணுமா?”

“நீங்க வேலை செய்யிறத பாக்கணும்.”

மாதவன் ஒற்றைக் காலில் நின்றபடியே சொன்னான்: “என்னோட திருச்சுழி பஸ்ஸுல மூணு நடை வந்தாரு அண்ணாச்சி. டிக்கெட்டு எடுத்துட்டு வந்தாரு. ஒரு வார்த்தை பேசலையே. நான் செக்கிங்குன்னு நெனச்சுப் பயந்துட்டேன்.”

சொன்னபடி மறுநாள் சௌடையா கடைக்கு வந்து ஒரு மூலையில் மல்லி மூட்டை மேல் உட்கார்ந்தார். பங்குனி மாசம், மல்லி வரத்து ஓயாத சமயம். வண்டிக்காரர்கள் வந்தார்கள், விவசாயிகள் வந்தார்கள். சாம்பிள் அள்ளி ஊதிப் பார்த்து, தூசி பறந்து, பேச்சு நடந்தது. பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள்.

“என்ன வாத்தியாரே, தறிய வித்துட்டுக் கடை வேலைக்கு வந்தாச்சா?”

“ஆமாமா. மூட்டைக்குக் காவல்.”

சாயங்காலம் விளக்கு வைக்கும்போது எழுந்து வந்தார்.

“அண்ணாச்சி, இன்னிக்கு எத்தனை தரம் எந்திரிச்சீக தெரியுமா? எழுவத்தி நாலு. எழுவத்தி நாலு தரமும் வலது கையை மேசையில ஊண்டித்தான் எந்திரிச்சீக. எடது காலு சும்மாவே கூட வந்துச்சு, கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி கணக்கா.”

“அதுக்கு என்ன செய்யணும்?”

“உங்க காலுக்கு ஒரு கேடும் இல்ல. தரை எங்க இருக்குங்கிறது அதுக்கு மறந்துபோச்சு. நாளைக்கு வாரையில ஒரு வெறுஞ்சாக்கு கொண்டாங்க.”

“விரிச்சுப் படுக்கவா?”

“கொண்டாங்க, சொல்றேன்.”

*

தனுஷ்கோடி கையில் கிடைத்த சாக்கை எடுத்துப் போனார். வத்தல் சாக்கு. சௌடையா அதை நாலாக மடித்து, ஒரு குழியின் பலகையை நீக்கி, குழிக்குள்ளே போட்டார். போட்டதும் தையல்காரர் தும்மினார், மாதவன் தும்மினான், வாத்தியாரும் தும்மினார். அடுப்படியிலிருந்து வெங்கடலட்சுமி கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தாள்.

“இதென்ன அண்ணாச்சி, ஆசனசாலையா, வத்தல் கிட்டங்கியா? எம் பாவு நூலு பூராம் நெடி ஏறிருச்சு. எடுங்க அத வெளிய. மல்லிச் சாக்கா கொண்டாங்க, வாசனையாவது இருக்கும்.”

மறுநாள் மல்லிச் சாக்கு வந்தது. அது பங்குனி இருபத்தாறு.

குழி முழங்கால் அளவுதான். அதன் விளிம்பில் தனுஷ்கோடியை உட்காரவைத்தார். கால் உள்ளே தொங்கியது. பாதம் சாக்கின் மேல் படிந்தது.

“இது எங்க வீட்டுப் பெஞ்சு மாதிரியேல்ல இருக்கு?”

“அதேதான்.”

“இதுக்கா விடிகாலையில வந்தேன்?”

“இதுக்குத்தான். தெனம் ஒரு சாக்கு நாலா மடிச்சு இதுல போடுவோம். நாப்பத்தெட்டு நாளு. நாப்பத்தெட்டாவது சாக்குல குழி நெறஞ்சு தரையாயிரும். நீங்க தரையில உக்காந்திருப்பீக.”

தனுஷ்கோடி குழிக்குள் எட்டிப் பார்த்தார். வியாபாரி அல்லவா, மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு சாக்குக்கு அரை விரல்கடை கூடத் தேறாது. அப்படி உயர்ந்தால் காலுக்குத் தெரியவே தெரியாதே என்று தோன்றியது.

“தெரியக் கூடாதுன்னுதான்,” என்றார் வாத்தியார், கேட்காமலே.

அரை மணி நேரம் உட்கார வேண்டும். மூச்சுக்குக் கணக்கு தனியாக இல்லை. பக்கத்துத் தறியில் வெங்கடலட்சுமி நெய்துகொண்டிருப்பாள். நாலு மிதிக்கு மூச்சை இழுக்க வேண்டும், நாலு மிதிக்கு விட வேண்டும். இழை அறுந்து அவள் முடிச்சுப் போட நிறுத்தினால் இவரும் அப்படியே நிற்க வேண்டும். முடித்து எழும்போது கையைத் தரையில் ஊன்றக் கூடாது. இதுதான் சட்டம். முதல் வாரத்தில் மூன்று முறை எழுந்து பார்த்து, மூன்று முறையும் பொத்தென்று திரும்ப உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, விளிம்பு இடியுது. எங்க மாமனாரு கட்டுனது,” என்பாள் வெங்கடலட்சுமி தறி நாடாவை எறிந்தபடி.

சித்திரை பிறந்தது. காலை ஆறு மணிக்கே வெயில் ஓட்டிடுக்கில் இறங்கிற்று. ஒரு நாள் கோடை மழை நாலு தூறல் போட்டு, மண்ணைக் கிளப்பிவிட்டு நின்றுபோனது. கடையாட்கள் தினம் ஒரு சாக்கை உதறி மடித்து வைத்தார்கள். முதலாளி காலையில் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெசவாளர் தெருவுக்குள் போவதைப் பஜார் முழுக்கப் பார்த்தது. “அண்ணாச்சி, சாக்குல என்ன பள்ளிக்கூடப் பொஸ்தகமா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். “ஆமலே, அஞ்சாப்பு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருபதாவது சாக்கில் முழங்கால் மார்புக்கு நேராக ஏறிவிட்டது. “இனி ரெண்டையும் விரிங்க. பூட்டுன கதவத் தெறக்கிற மாதிரி இல்ல. தானா சாயுற அளவுக்குச் சாயட்டும்,” என்றார் சௌடையா. தொட்டு அமுக்கமாட்டார். இரண்டு முழங்காலுக்கும் வெளியே ஒவ்வொரு மடித்த வேட்டியை வைப்பார். முழங்கால் வேட்டியைத் தொடுகிற அன்று வேட்டியில் ஒரு மடிப்பைக் குறைப்பார். இடது முழங்கால்தான் மெதுவாக வந்தது. இருபத்தைந்தாம் நாள் கையை ஊன்றாமல் எழுந்தார். ஒருத்தரும் கைதட்டவில்லை. மாதவன் மட்டும் ஒற்றைக் காலில் நின்றபடி, “ரைட்!” என்றான்.

*

இருபத்தொன்பதாம் நாள் குமாரலிங்கபுரத்திலிருந்து இன்லண்ட் கடுதாசி வந்தது. மாப்பிள்ளை ஆனந்தகுமார் பட்டாளத்தில் இருந்தான். லீவை முன்னால் தள்ளிக் கொடுத்துவிட்டார்கள். வைகாசி இருபதுக்குப் பதில் வைகாசி ஒன்பதில் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமா, அன்றைக்கும் நல்ல முகூர்த்தம்தான் என்று எழுதியிருந்தார்கள். முடியாது என்று எப்படிச் சொல்வது?

தனுஷ்கோடி கணக்குப் பார்த்தார். கல்யாணத்துக்கு முந்தின நாளோடு நாப்பத்து நாலு சாக்குதான் ஆகும், நாலு குறையும். வாத்தியாரிடம் போனார்.

“தெனம் ரெண்டு சாக்கா போட்டா என்ன?”

“போடக் கூடாது அண்ணாச்சி.”

“நாலு நாளைக்கு மட்டும்?”

“நாலு நாளைக்கும் கூடாது. இருக்கிறது வரைக்கும் போவோம். மிச்சத்தப் பெறகு பாப்போம்.”

தனுஷ்கோடிக்கு மிச்சம் வைத்துப் பழக்கம் இல்லை. மறுநாள் ஐந்து மணிக்கு முன்னாலேயே எட்டுச் சாக்கைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. எட்டையும் மடித்துக் குழியில் போட்டு, காலால் மிதித்துச் சமன் செய்து, உட்கார்ந்தார். உட்கார முடிந்தது! நம்மைப் பற்றி வாத்தியாருக்குத்தான் நம்பிக்கை இல்லை என்று நினைத்தார். சந்தோஷமாக மூச்சை இழுத்தார். அப்போது இடது இடுப்பில் சடக்கென்று ஒன்று பிடித்தது. காலை நீட்ட முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கூப்பிட வெட்கம். அப்படியே இருந்தார்.

வெங்கடலட்சுமி வாசல் தெளிக்க வாளி எடுக்க வந்தாள். அரை இருட்டில் தரையோடு தரையாக ஒரு உருவம் தெரிந்தது. கன்னடத்தில் ஒரு கத்து கத்தினாள்.

“யாரது?”

“நாந்தாம்மா, தனுஷ்கோடி.”

“அண்ணாச்சியா! உள்ள ஏன் உக்காந்திருக்கீக? எந்திரிங்க.”

“முடிஞ்சா எந்திரிக்க மாட்டனா?”

சௌடையா வந்து பார்த்தார். தையல்காரர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார்.

“தூக்காதீக! மேல இழுத்தா இன்னும் புடிக்கும். கீழ உள்ள சாக்க உருவுங்க, ஒண்ணொண்ணா.”

மாதவன் குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, அவர் பாதத்தின் அடியிலிருந்து சாக்கை ஒவ்வொன்றாக உருவினான். ஒவ்வொரு சாக்குக்கும் கால் கொஞ்சம் இறங்கியது. எட்டை உருவியும் இடுப்பு விடவில்லை. இன்னும் நாலை உருவியதும் தனுஷ்கோடி, “அப்பாடி,” என்றார்.

“அண்ணாச்சி,” என்றார் சௌடையா. “இது மொத்தக் கொள்முதல் இல்ல, சில்லறை யாவாரம். மூணு நாளைக்கு வர வேண்டாம். நாலாம் நாளு இருபத்தஞ்சுல இருந்து ஆரம்பிப்போம்.”

*

மூன்று நாளும் தனுஷ்கோடி கட்டிலில் படுத்துக்கொண்டு நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டார். கடையைப் பங்காளி ஒருத்தர் பார்த்துக்கொண்டார். இரண்டாம் நாள் மத்தியானம், தயிர்ச்சோறும் சுட்ட வத்தலுமாகக் கொண்டுவந்து வைத்தாள் முத்துமாரியம்மாள்.

“அண்ணனே உக்காரட்டும்,” என்றார் அவர், முகட்டைப் பார்த்துக்கொண்டு. “ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிடறேன். இந்த வயசுல எனக்கென்ன வீம்பு?”

“சரி. உங்க அண்ணன் உக்காந்தா பக்கத்துல யாரு உக்காருவாக?”

“மதினிதான்.”

“அப்ப நான்?”

தனுஷ்கோடி திரும்பிப் பார்த்தார்.

“சொல்லுங்க. நான் எங்க நிக்கட்டும்? சமையக்கட்டுல அரிசி அளந்து குடுக்கவா, வந்தவுகளுக்குச் சந்தனம் நீட்டவா? செல்விய ரெண்டு நாளு வலி எடுத்துப் பெத்தவ நானு. அவ கையப் புடிச்சுக் குடுக்கையில தண்ணி ஊத்துறது வெள்ளைத்தாயி மதினி. அவுக நல்லவுகதான், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எம் மகளுக்கு நான்ல ஊத்தணும்?”

“இத நீ மொதல்லயே சொல்லலையே.”

“நீங்க உங்க மானம், உங்க அண்ணன், உங்க மொழங்காலுன்னே இருந்தீக. எடையில நான் எங்க சொல்ல?”

அவர் தட்டை இழுத்துக்கொண்டார். வத்தலைக் கடித்தார். பிறகு, “நாளன்னிக்கு அந்தச் சாக்க மடிச்சு வைக்கச் சொல்லு,” என்றார்.

“ஒண்ணுதான?”

“ஒண்ணுதான்டீ.”

நாலாம் நாள் காலையில் அவளும் கூடவே வந்துவிட்டாள். “வாத்தியாரய்யா, இவுக மறுபடியும் ஏதாவது மொத்தமா போட்டுருவாக. நான் காவலுக்கு இருக்கேன்,” என்றாள்.

“காவலுக்கு நின்னா கால் வலிக்கும். உக்காருங்க அக்கா,” என்று குழிக்கு எதிரே ஒரு பாயைப் போட்டார் சௌடையா. “முகூர்த்தம் ஒண்ணேகால் மணி நேரம்னா ஒண்ணேகால் மணி நேரம் நீங்களும்தான் அசையாம உக்காரணும். அடுப்படியில உங்களால ஒரு எடத்துல அப்படி இருக்க முடியுமா?”

அவளுக்குப் பத்து நிமிஷம்கூட முடியவில்லை. பால் பொங்கிவிட்டதோ, கோழி முற்றத்தில் காயும் மல்லியைக் கிளறுகிறதோ என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். வாத்தியார் அவள் மடியில் ஒரு செம்புத் தண்ணீரை வைத்தார். “தளும்பாமப் பாத்துக்கங்க. அது போதும்.” தனுஷ்கோடி குழியில் இருந்தபடி சிரித்தார். “சிரிக்காதீக, தண்ணி ஆடுது,” என்றாள் அவள்.

கடைக்கு அவர் போன பிறகு வீட்டில் அவள், வீட்டுக்கு அவர் வந்த பிறகு அடுப்படியில் அவள் என்று இருபத்திரண்டு வருஷம் ஓடியிருந்தது. அந்தப் பன்னிரண்டு காலையும் எதிரெதிராக உட்கார்ந்து, தறியின் சத்தத்துக்கு ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து ஒரே சமயத்தில் விட்டார்கள். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது கல்யாணப் பேச்சாகவே இருக்கும். யாருக்குப் பத்திரிகை விட்டுப்போச்சு, யார் பஸ்ஸில் வருவார்கள், யாருக்கு வேன் அனுப்ப வேண்டும். நெசவாளர் தெருப் பெண்கள் பாவு விரித்துக்கொண்டே, “அக்காவும் அஞ்சாப்பா?” என்று கேட்டார்கள்.

*

வைகாசி எட்டு. குழியில் முப்பத்தேழு சாக்கு. விளிம்புக்கு இன்னும் பதினோரு சாக்குப் பள்ளம் இருந்தது.

“எட்டல,” என்றார் தனுஷ்கோடி.

சௌடையா நாலு விரலை மடக்கிக் குழியின் விளிம்பில் வைத்து அளந்தார். யோசித்தார். “குழியில தரை தாழ்ந்திருந்தா என்ன அண்ணாச்சி, அங்க மணை ஒசந்திருந்தா என்ன? ரெண்டும் ஒண்ணுதான. மணைக்கு அடியில பதினோரு சாக்க மடிச்சுப் போடுங்க. மேல ஜமுக்காளத்த விரிச்சிருங்க.”

“அப்ப நான் மட்டும் கீழயா உக்காருவேன்?” என்றாள் முத்துமாரியம்மாள்.

“உங்களுக்கும் பதினொண்ணு.”

திருச்சுழியில் அவர்கள் வகையறாவுக்கு ஒரு மடம் உண்டு. கல்யாணம் அங்கே. விடிவதற்குள் வண்டியில் சாக்கு வந்து இறங்கியது. கூடம் முழுக்க மல்லி வாசனை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மணவறையைச் சுற்றிப் பார்த்தார், குனிந்து ஜமுக்காளத்தைத் தூக்கியும் பார்த்தார்.

“இது என்ன வழக்கம்? பொண்ணு வீட்டுக்காரரு மாப்பிள்ளைக்கு மேல ஒசரமா உக்காருவாகளோ?”

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. ஐயர் ஹோம குண்டத்தில் சுள்ளி அடுக்குவதை நிறுத்தினார். தனுஷ்கோடி கையில் துண்டோடு நின்றார். தூணோரத்தில் பொன்னுச்சாமி நின்றிருந்தார். குளித்து, பட்டு வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் வெள்ளைத்தாய். எல்லோரும் ஒரு தரம் தூணைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சங்கரம்மாள் முன்னால் வந்தாள்.

“என்ன சத்தம்?”

“சாக்குப் போட்டு ஒசத்தியிருக்காகக்கா.”

“ஏன் போட்டிருக்காக?”

“அவருக்குக் கால் மடங்காதாம்.”

“இம்புட்டுதானா? நம்ம பிள்ளைக்கும் பொண்ணுக்கும் அதே மாதிரி போட்டுட்டாப் போச்சு. எல்லாரும் ஒசந்துட்டா யாரு தாழ்ச்சி? ஏப்பா, சாக்கு மிச்சம் இருக்கா?”

“இருக்கு, இருக்கு,” என்றான் மாதவன். அதற்குள் மடிக்கவே ஆரம்பித்துவிட்டான்.

“அப்படியே எனக்கும் ரெண்டு போடுங்கோ, தரை சில்லுனு இருக்கு,” என்றார் ஐயர்.

நாதஸ்வரக்காரர் சிரிப்பில் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டார். தாய்மாமன் முறைத்துப் பார்த்தார், பிறகு தானும் ஒரு சாக்கை மடித்துக் கொடுத்தார்.

தனுஷ்கோடி உட்கார்ந்தார். வலது கால் மடங்கியது. இடது கால் யோசித்துவிட்டு மடங்கியது. முத்துமாரியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புகை கண்ணைக் கரித்தது. கூட்டத்தில் எங்கோ தறிச் சத்தம் கேட்கிற மாதிரி இருவரும் மூச்சை இழுத்து விட்டார்கள். மகளின் கையை மாப்பிள்ளையின் கைமேல் வைத்து அவர் பிடித்துக்கொள்ள, அவள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. செல்வி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். “ஏ, அழுவாத, மை கரையுது,” என்று தாய் மெல்லச் சொன்னது மைக்கில் விழுந்து கூடம் முழுக்கக் கேட்டது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்து எழ வேண்டியபோது அவர் பெண்டாட்டியின் தோளைப் பிடித்து எழுந்தார். சௌடையா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையைத் தரையில் ஊன்றக் கூடாது என்பதுதான் சட்டம். தோளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

*

முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத்தாய் கொழுந்தனிடம் வந்தாள்.

“கொழுந்தனாரே, உங்க அண்ணனச் சாப்பிடக் கூப்பிடுங்க. நான் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாக. நேத்துல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல.”

“ஏன் மதினி? ஒடம்புக்கு என்ன?”

“ஒடம்புக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காக. தாரை வாக்குறவுக வெறும் வயித்தோடதான இருக்கணும்? நீங்க பாதியில முடியாம எந்திரிச்சிட்டா உடனே உக்கார ஒரு ஆளு வேணும்லன்னு இருந்தாக. நானுந்தான் இருந்தேன். ‘அவன் உக்காந்துருவான், இருந்தாலும் நாம இருப்போம்’னு சொன்னாக.”

தனுஷ்கோடி தூணோரத்துக்குப் போனார்.

“சாப்பிட வாங்கண்ணே.”

“நீ சாப்பிடு. நான் வாரேன்.”

“நானும் வெறும் வயிறுதான். வாங்க.”

பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். நாலு எட்டு நடந்த பிறகு கேட்டார்: “ஏலே, அது எந்த ஊரு மல்லி?”

“எது?”

“அந்தச் சாக்கு. வாசனையே இல்ல. ஒண்ணேகால் மணி நேரமா மோந்து பாக்கேன்.”

“வாசனை இல்லையா? கூடமே மணக்குதுன்னு ஐயரே சொன்னாரு.”

“ஐயருக்கு என்னலே மல்லியப் பத்தித் தெரியும்? எங் காட்டு மல்லிய உள்ளங்கையில ரெண்டு கசக்கு கசக்குனா மறுநாள் வரைக்கும் போகாது.”

“அம்புட்டு நல்ல மல்லிய எட்டு வருசமா காரியாபட்டியில கொண்டு போயில்ல போடுறீக.”

“அருப்புக்கோட்டையில யாரு வாங்குறா?”

“கொண்டாந்தாத்தான தெரியும்?”

“கொண்டாந்தா நீ ஊதிப் பாத்துட்டுத் தூசிம்ப.”

“தூசி இருந்தா தூசின்னுதான் சொல்வேன். அண்ணன்னா தூசி மல்லியாயிருமா?”

“எங் களத்துல தூசியா? வந்து பாத்தியாலே நீ?”

“கூப்பிட்டீகளா?”

“ஒன்னய வேற வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடணுமோ?”

பேசிக்கொண்டே இருவரும் பந்தியில் வந்து உட்கார்ந்தார்கள். தரையில் கோரைப்பாய், அதற்குமேல் ஒன்றும் இல்லை. தனுஷ்கோடி சம்மணம் போட்டு, இலையில் தண்ணீர் தெளித்து, அண்ணன் பக்கம் திரும்பி மறுபடியும் ஆரம்பித்தார்.

முத்துமாரியம்மாள் தான் பிறகு சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டுச் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். வாளி அப்படியே நின்றது. எதிர் வரிசையில் சௌடையா உட்கார்ந்திருந்தார். குனிந்து அவரிடம் சொன்னாள்.

“வாத்தியாரய்யா, அங்க பாத்தீகளா?”

“பாத்துட்டேன். சத்தம் போடாதீக அக்கா.”

“கீழ சாக்கே இல்லய்யா.”

“அவருக்குத் தெரியாது. நீங்களும் சொல்லீராதீக. சொன்னா வலிக்க ஆரம்பிச்சிரும்.”

“எந்திரிக்கையில என்ன செய்வாக?”

சௌடையா எதிரே பார்த்தார். அண்ணன் இலையில் விரலால் காட்டின் நாலு எல்லையையும் வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். தம்பி அந்த எல்லையை மறுத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

“இப்போதைக்கு எந்திரிக்கிற மாதிரித் தெரியல,” என்றார் சௌடையா. “நீங்க சாம்பார ஊத்துங்க.”